நாகார்ச்சுனரும் நடுவழியும்

முன்னோர் மொழிக்குப் புதுப்பொருள் காண்பது குற்றமன்று. அப்பொருள் மூலத்தின் பயனைக் காக்கின்றதா, மறைக்கின்றதா என்பதே கேள்வி. கி.பி. 2-ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த ஆசாரிய நாகார்ச்சுனரையும் இவ்வுரைகல்லில் வைத்தே நாம் காண வேண்டும்.

நற்காட்சி யாது எனக் கச்சாயனர் வினவியதைச் சம்யுத்த நிகாயம் கூறுகின்றது. 'எல்லாம் உண்டு' என்பதும் 'எல்லாம் இல்லை' என்பதும் இரு கோடிகள்; இரண்டையும் நீக்கி நடுநின்று போதிப்பதாகப் பகவான் விடையளித்தார். அதனோடு நில்லாது, பேதைமை முதலாகத் துக்கம் தோன்றும் பன்னிரு நிதானங்களையும், அது அடங்கும் முறையையும் விளக்கினார்.

நாகார்ச்சுனர் தமது மூலமத்தியமக காரிகையின் 15-ஆம் அதிகாரத்தில் இவ்வுபதேசத்தைச் சான்று காட்டுகின்றார். தருமங்களுக்குத் தமக்கென ஒரு சுபாவம் உண்டு என்றனர் சர்வாஸ்திவாதிகள். சார்ந்து தோன்றுவதற்குத் தனிச் சுபாவம் ஏது என மறுத்து, சார்பில் தோற்றமே சூனியம் என்றார் ஆசாரியர். உயர்வும் இழிவும் பிறவிச் சுபாவம் என்னும் சாதிக் கொள்கையும் இவ்வாதத்தின்முன் நில்லாது. இதனை நாம் நன்றியுடன் ஏற்கின்றோம்.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பகவான் துக்கத்தின் தோற்றத்தையும் ஒடுக்கத்தையும் காட்டவே நடுவழியை உரைத்தார். ஆசாரியரோ அதனை எல்லாப் பொருள்களின் இயல்பையும் ஆராயும் தருக்கமாக விரித்தார். 'எல்லாம் சூனியமாயின் நால்வகை வாய்மையும் அழியாவோ?' என்னும் தடையை 24-ஆம் அதிகாரத்தில் அவரே எழுப்புகின்றார். துக்கத்திற்கு மாறாச் சுபாவம் இருப்பின் அதனை ஒழிக்கவே இயலாது. சூனியமாதலாலேயே மார்க்கம் பயன் தரும் என்பது அவர் விடை. இவ்விடை செம்மையானது.

ஆனால் 25-ஆம் அதிகாரத்தில், சம்சாரத்திற்கும் நிர்வாணத்திற்கும் சிறிதும் வேற்றுமை இல்லை என்கின்றார். வேட்கையும் வெகுளியும் மயக்கமும் அற்றுப்போதலே நிர்வாணம் என்று பிடகம் கூறுகின்றது. ஆசாரியர் கூற்றைச் சுபாவம் பற்றியதென்று கொள்ளாது வாழ்க்கை பற்றியதென்று கொண்டால், பசித்தவனை நோக்கி 'உன் நிலையே நிர்வாணம்' என்று சொல்லவும் துணிவர்.

நூலாலையில் உழைத்தோர் இதனை எளிதில் உணர்வர். பஞ்சும் முறுக்கும் கதிரின் சுழற்சியும் கூடியதே இழை; அவற்றை நீக்கினால் இழையென ஒன்றில்லை. ஆயினும் இழை அறுந்தால் முடிந்தே ஆகவேண்டும். 'இழையே சூனியம்' என்று கைகட்டி நிற்பவனால் நூல் வளராது.

தவறாகப் பற்றிய பாம்பு பற்றியவனையே கடிக்கும். மஜ்ஜிம நிகாயத்தில் பகவான் கூறிய இவ்வுவமையை நாகார்ச்சுனரும் சூனியத்திற்கு எடுத்தாண்டு எச்சரித்தார். ஆதலின் அன்பர்களே, எவ்வாசாரியர் உரையாயினும், அது துக்கத்தைத் துடைக்க நம்மை எழுப்புகின்றதா எனக் கேட்போம். எழுப்பின் ஏற்போம், உறங்கவைப்பின் விலக்குவோம்.