தொழிலாளர் வீடுகள் சூழ்ந்த இலக்கு

1945 மே 31 அன்று வாஷிங்டனில் கூடிய, அமெரிக்க அரசுக்கு ஆலோசனை சொல்ல அமைந்த இடைக்காலக் குழு, அணுகுண்டுக்கு ஏற்ற இலக்கு எது என்று பேசி முடித்தது. ஏராளமானோர் வேலை பார்க்கிற, அவர்களுடைய வீடுகள் நெருக்கமாகச் சூழ்ந்திருக்கிற முக்கியமான போர்த் தொழிற்சாலை. மேலோட்டமாகப் படித்தால் ராணுவ இலக்குதான். ஆனால் அழிக்க வேண்டியது தொழிற்சாலை என்றால் வீடுகளுக்கு அங்கே என்ன வேலை? முடிந்தவரை அதிகமான மக்களின் மனத்தை உலுக்க வேண்டும் என்ற நோக்கமும் அதே கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது.

ஹிரோஷிமாவில் படைத் தலைமையகம் இருந்தது உண்மை. குறி வைத்ததோ நகரின் நடுவிலிருந்த ஐயோய் பாலத்துக்கு. ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்குக் குண்டு சற்றே விலகி, ஷிமா மருத்துவமனைக்கு மேலே சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. விமானத் தாக்குதலில் தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்து வெளி உண்டாக்கும் வேலைக்கு அன்று பள்ளிப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் அழைத்து வந்திருந்தார்கள். வெட்டவெளியில் நின்ற அவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

குண்டை ஆதரிப்பவர்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஜப்பான் மண்ணில் படை இறங்கியிருந்தால் இரு தரப்பிலும் எத்தனை உயிர் போயிருக்கும் என்பதற்கு ஒகினாவாச் சண்டை சாட்சி. ஜப்பானியர் பிடியிலிருந்த ஆசியாவில் நாள்தோறும் சாவு விழுந்துகொண்டிருந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். போர் முடிந்ததால் ஊர் திரும்ப முடிந்தவரிடம் போய், அது இன்னும் சில மாதம் நீண்டிருக்கலாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

ஆனாலும் இந்த வாதம் நிரூபிப்பது, போர் சீக்கிரம் முடிய வேண்டியிருந்தது என்பதை மட்டுமே. குண்டுதான் அதை முடித்ததா, ஆகஸ்ட் 8 அன்று சோவியத் ஒன்றியம் போர் அறிவித்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். குண்டுதான் என்றே வைத்துக்கொள்வோம். ஓர் அரசைப் பணியவைக்க அதன் குடிமக்களை, குழந்தைகள் உட்பட, வேண்டுமென்றே கொல்லலாம் என்று ஆகிவிட்டால், பிறகு எதைக் கூடாது என்று சொல்வது? குண்டு வீசப்பட்டபோது அமெரிக்க அதிபராயிருந்த ட்ரூமனுக்கு 1956இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் தர முன்வந்தபோது, தத்துவவாதி எலிசபெத் ஆன்ஸ்கம் எதிர்த்தது இதற்காகத்தான். அவர் போரே கூடாது என்ற கட்சி அல்ல. அப்பாவிகளின் சாவை ஒரு வழிமுறையாகத் தேர்ந்தெடுப்பது கொலை என்பதே அவர் நிலை. 1945 மார்ச்சிலேயே டோக்கியோவைத் தீக்குண்டுகளால் எரித்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேரைக் கொன்றாயிற்று, அணுகுண்டு மட்டும் என்ன தனி என்று கேட்பவர்களும் உண்டு. அது ஹிரோஷிமாவை விடுவிக்காது. டோக்கியோவையும் குற்றப்பத்திரிகையில் சேர்க்கும்.

இன்றைய சட்டம் இன்னும் தயங்குகிறது. 1996இல் சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தில், அணு ஆயுதப் பயன்பாடு பொதுவாகப் போர்ச் சட்டத்துக்கு முரணானது என்றது. ஆனால் ஒரு நாட்டின் இருப்பே ஆபத்தில் சிக்கும் கடைசிக் கட்டத் தற்காப்பில் அது சட்டவிரோதமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. அந்தப் பகுதியில் நீதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்தார்கள். தலைவரின் வாக்கே தீர்மானித்தது. அணு ஆயுத நாடுகள் தொங்கிக்கொண்டிருப்பது இந்த விதிவிலக்கில்தான். ஹிரோஷிமாவுக்கு அதுகூட உதவாது. 1945 ஆகஸ்டில் அமெரிக்காவின் இருப்புக்கு எந்த ஆபத்தும் இல்லை; அது ஜெயித்துக்கொண்டிருந்த நாடு.