தலைமேல் ஏறும் இலை

வழிபாட்டுக்கென்று கையால் ஆக்கப்படும் பொருளின் புனிதம் அப்பொருளிலேயே தங்கிவிடுகிறதா, அன்றி ஆக்கும் செயலோடு வந்து அச்செயலோடு நீங்கிவிடுகிறதா என்னும் வினாவுக்கு, பேராக் மலைக்காடுகளில் வாழும் தெமியார் மக்களின் இலைமுடி தெளிவான விடையொன்றைத் தருகிறது. சுங்கை சிப்புட், கிரிக் வட்டாரங்களின் உள்மலைப் பகுதிகளிலும் கிளந்தானிலும் வாழும் இவர்கள், 'ஓராங் அஸ்லி' எனப்படும் தீபகற்ப மலேசியப் பூர்வகுடிகளுள் ஓர் இனத்தார். தோட்டத்துத் தமிழரிடையே இவர்களைக் குறிக்க வழங்கிய 'சக்காய்' என்னும் சொல் இழிவுப் பொருளுடையது, அதைக் கைவிடுவதே முறை.

இலைமுடிக்குத் 'தெம்போக்' என்று பெயர். காட்டில் புதிதாகப் பறித்த ஓலைகளைக் கீற்றாகக் கிழித்து, மடித்து, ஒன்றினுள் ஒன்றைச் செருகிப் பின்னி, நெற்றியைச் சுற்றும் வளையமாக்கி, நறுமண இலைகளையும் பூக்களையும் அதில் செருகுவர்; குருத்தோலையை நகத்தால் கீறித் தோரணம் பின்னிய தமிழர் எவருக்கும் அக்கைவேலை அயலாகத் தோன்றாது. தலையில் அதைச் சூடுவதற்குக் காரணம் உண்டு. மனிதனின் ஆன்மாக்களுள் ஒன்று உச்சந்தலையில், மயிர்க்கால்களில் உறைகிறது என்பது தெமியார் கொள்கை. மலை, மரம், அருவி ஆகியவற்றின் ஆவி ஒருவரது கனவில் தோன்றிப் பாட்டொன்றைக் கற்றுக்கொடுக்கிறது. 'செவாங்' எனப்படும் இரவுச் சடங்கில் கனவு கண்டவர் அதைப் பாட, பெண்கள் நீளமும் குட்டையுமான மூங்கில் குழாய்களை இணையாகப் பிடித்துக் கட்டைமேல் தட்டியவாறு ஒவ்வோர் அடியையும் வாங்கிப் பாடுகின்றனர். இலையின் மணம் ஆவியை அழைக்கிறது. மலையூற்று நீரை ஒத்த குளிர்ச்சியான அருள்நீர் கூரையில் தொங்கும் இலைகளின் வழியாக இறங்கி நோயாளியைத் தணிக்கிறது. இந்நம்பிக்கையை மானிடவியலாளர் மரினா ரோஸ்மன் 1991இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். அழைப்பு முடிந்தபின் அந்த இலை வாடிப்போகும். அடுத்த சடங்குக்கு வேறு இலை பறிக்கப்படும்.

இது தமிழர் அறியாத இறையியல் அன்று. பேராக் ரப்பர் தோட்டங்களின் மாரியம்மன் திருவிழாக்களில் ஆற்றங்கரையில் கரகம் பாலித்து, அதாவது நீர் நிறைந்த செம்பை வேப்பிலையாலும் பூவாலும் அலங்கரித்து அம்மனை அதில் எழுந்தருளச் செய்து, தலைமேல் சுமந்து வந்தனர். விழா முடிந்ததும் அதே கரகம் கலைக்கப்பட்டு நீரில் சேர்க்கப்பட்டது. தெய்வம் வந்து தங்கிய பொருளைக் கலைப்பதை எவரும் அவமதிப்பாகக் கருதியதில்லை.

வட அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்கள் சடங்குகளில் அணியும் நாடாப் பாவாடைக்கும் மணிவேலைக்கும், புனிதம் பொருளில் அன்றி ஆக்கும் செயலில் உள்ளது என்னும் இக்கருத்தையே பொருத்திப் பார்க்கலாம். நாடாவும் கண்ணாடி மணியும் ஐரோப்பிய வணிகர் கொண்டுவந்தவை. முன்னர் முள்ளம்பன்றி முள்ளால் அலங்கரித்த கைகள் அவற்றைத் தம் வழிபாட்டுக்கு உரியனவாக்கிக்கொண்டன. கனடா 2023 முதல் சனவரி 4ஆம் நாளை நாடாப் பாவாடை நாளாகக் கடைப்பிடிக்கிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு: நாடா கடையில் கிடைக்கும், தெம்போக்குக்கு உரிய இலையோ காட்டில் மட்டுமே கிடைக்கும். 1883இல் நிறுவப்பட்ட தைப்பிங் பேராக் அருங்காட்சியகம் போன்ற இடங்களால் பூர்வகுடிகளின் கைப்பொருளைக் காத்துவைக்க முடியும். பாட்டுத் தரும் மலையையும் மணம் தரும் இலையையும் கண்ணாடிப் பேழைக்குள் வைக்க முடியாது. காடு வெட்டப்படும்போது அவ்வழிபாட்டின் மூலப்பொருளும் அதை ஏற்க வரும் ஆவியின் இருப்பிடமும் ஒருசேர அழிகின்றன.

ஆகவே, 2019இல் கிரிக் வட்டாரத்துச் சுனெக் கிராமத் தெமியார் மரம்வெட்டுவோரை எதிர்த்து வழித்தடுப்பு அமைத்ததை நிலவுரிமைக் கோரிக்கையாகவும் வழிபாட்டுரிமைக் கோரிக்கையாகவும் கொள்ள வேண்டும். தோட்டங்கள் கைமாறித் துண்டாடப்பட்டபோது கோயிலையும் கரகம் பாலித்த ஆற்றங்கரையையும் இழந்த பேராக் தமிழர், அக்கோரிக்கைக்குத் துணைநிற்க முதலில் முன்வர வேண்டியவர்கள்.