சதை நீங்கிய வித்து

காப்பிக்கொட்டை வறுத்து விற்பது என் தொழில். சனிக்கிழமை மாலைகளில் சைவ சித்தாந்த வகுப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது: உயிரை மூடியிருக்கும் அழுக்கான மலம் நீங்கியபின் தெரிகிற உயிரின் இயல்பு, முன்பே உள்ளே முழுசாக இருந்ததுதானா? நான் வறுக்கும் கொட்டையை வைத்தே அதை யோசிக்கிறேன்.

எத்தியோப்பியாவின் தெற்கில், 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கெதெயோ மலைநாட்டில் இருக்கிறது யிர்காசெஃபே. அங்கே 2,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில், வீட்டைச் சுற்றி, வாழை இனத்து என்செட்டுக்கும் நிழல்மரங்களுக்கும் நடுவே காப்பி வளர்கிறது. சிறு விவசாயிகள் பழத்தைக் கழுவும் நிலையத்தில் சேர்க்கிறார்கள். பல்பர் இயந்திரத்தில் தோலும் சதையும் போகும். வழவழப்போடு கொட்டை ஒன்றரை நாள், குளிர் கூடினால் மூன்று நாள் வரை தொட்டியில் கிடக்கும். நுண்ணுயிர்கள் அந்தப் பிசுக்கைக் கரைக்கும். பிறகு வாய்க்காலில் அலசல். கனத்த கொட்டை அடியில் தங்கும், சொத்தை மிதக்கும். வலைப்படுக்கையில் காயும்போது பெண்கள் நின்று பொறுக்குவார்கள். ஈரம் 11, 12 சதவீதத்துக்கு இறங்கியதும் மூட்டை.

இளவறுப்பாக வறுத்துப் பால் சேர்க்காமல் குடித்தால் மல்லிகை மணம், எலுமிச்சைப் புளிப்பு. கழுவியதால்தான் மண்ணின் சொந்த ருசி தெரிகிறது என்பார்கள் எங்கள் தொழிலில். நான் ஏற்பதில்லை. அரபிகா காப்பி பிறந்த அந்த நாட்டில் பழத்தை அப்படியே வெயிலில் உலர்த்துவதுதான் பழைய வழக்கம். கழுவும் முறை 1970களில்தான் பரவியது. இன்றும் அதே மலைப் பழத்தை முழுசாக உலர்த்தினால் பெர்ரி மணம் எழும்பி நிற்கும். இதில் எதைச் சொந்தம் என்பது?

இன்னொன்றும் உண்டு. கொட்டை உயிருள்ள வித்து. சதை சூழ்ந்திருக்கும்வரை முளைப்பு அடங்கிக் கிடக்கும். சதை போனதும் முளைப்புக்கான மாற்றங்கள் உள்ளே தொடங்கிவிடுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். உமி நீங்கிய நெல் முளைக்காததுபோல மலம் நீங்கிய உயிர் மீண்டும் பிறக்காது என்ற உவமையைச் சித்தாந்தத்தில் படித்தவனுக்கு இது திகைப்பு. இங்கே மூடியிருந்தது நீங்கியதும் வித்து விழிக்கிறது. அது விழித்துத் தனக்குள் செய்துகொண்டதையும் சேர்த்தே நாம் ருசிக்கிறோம்.

வகுப்பில் இதைச் சொன்னேன். "வித்து தானாகவா சதையைக் கழற்றிக்கொண்டது?" என்று கேட்டார் வகுப்பு நடத்தும் ஐயா. இல்லை. தண்ணீரும் நுண்ணுயிரும் அத்தனை கைகளும் வேண்டியிருந்தன. அருளின்றி மலம் நீங்காது என்று அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். மறுப்பில்லை. ஆனால் அருள் தொட்ட உயிரும் சும்மா இருப்பதில்லை என்றே நினைக்கிறேன்.

கழுவிய நீரைப் பற்றியும் பேச வேண்டும். சர்க்கரையும் புளிப்புமாக அது ஓடையில் இறங்கினால் நீரிலுள்ள பிராணவாயு வற்றிப்போகும். ஆணவ மலம் அழிவதில்லை, அதன் வலிமை மட்டுமே மடங்கும் என்கிறது சித்தாந்தம். அழியாத இந்தக் கழிவைக் குழி வெட்டித் தேக்குகிறார்களா என்று, மூட்டைக்கு விலை பேசுமுன் விசாரிக்கிறேன்.