விலை குறைந்தால் மலிவாகுமா?

அனந்தபுரத்துச் சகோதரர் ஒருவர் மஃரிபுத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது நம்மிடம் ஓர் ஐயம் கேட்டார். அவருடைய மகள் விழுப்புரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு ஒரு ஸ்மார்ட்போன் வேண்டும். திண்டிவனத்துக் கடையொன்றில், இரண்டரை ஆண்டுக்கு முன் 16,000 ரூபாய்க்கு விற்ற மாடலை, பெட்டி பிரிக்காமல் 9,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். மகளோ, "அத்தா, எல்லோரும் புது மாடல் வைத்திருக்கிறார்கள்" என்கிறாள். அதன் விலை 18,000. தவணையிலும் தருவார்களாம்.

"ஹஜ்ரத், பழையதை வாங்கினால் கஞ்சத்தனமா? புதியதை வாங்கினால் வீண்விரயமா?" என்று கேட்டார்.

கேள்வி சிறியதுதான். ஆனால் இன்று எத்தனையோ வீடுகளில் மனத்தாங்கலுக்குக் காரணமாகும் கேள்வி.

பழைய மாடல் என்பதில் இழிவு ஏதுமில்லை. அறுந்த செருப்பைத் தம் கையாலேயே தைத்துக்கொண்டவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். போன பெருநாளுக்கு எடுத்த சட்டையை இந்தப் பெருநாளில் யாரும் வீசிவிடுவதில்லை. பிறர் பார்வைக்காக ஒன்பதாயிரம் அதிகம் கொடுப்பது நஃப்ஸின் ஆசையே தவிர, தேவையல்ல.

ஆனால் தள்ளுபடி என்றதும் கணக்கு முடிந்துவிட்டதாக எண்ணுவதும் தவறு. செம்பு அண்டா வாங்கினால் அது பேரப்பிள்ளைகள் காலம்வரை உழைக்கும். செல்போன் அப்படியல்ல. அதிலுள்ள பாதுகாப்புக் குறைகளைத் திருடர்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். கம்பெனியார் அவற்றை அடைத்து 'அப்டேட்' அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அதற்கொரு தவணைக்காலம் உண்டு. அந்தக் காலம் பெரும்பாலும் மாடல் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது, நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. பேட்டரியும் பெட்டிக்குள் இருந்தபடியே மூப்படைகிறது.

எண்ணிப் பாருங்கள். அந்தச் சகோதரர் பார்த்த போனுக்கு அப்டேட் நான்கு ஆண்டுகள். இரண்டரை ஆண்டு கழிந்துவிட்டது. மிச்சம் ஒன்றரை ஆண்டு. அப்படியானால் ஆண்டுக்கு 6,000 ரூபாய். அதே நான்காண்டு வாக்குறுதியுள்ள 18,000 ரூபாய்ப் போனுக்கு ஆண்டுக்கு 4,500 ரூபாய்தான். மலிவு எது?

இதனால் பழைய மாடல் எல்லாமே நட்டம் என்று சொல்லவில்லை. 2024 ஜனவரியில் வெளியான சாம்சங் காலக்ஸி எஸ்24 போனுக்கு ஏழாண்டு அப்டேட் தருவதாகக் கம்பெனி அறிவித்தது. அத்தகையது இரண்டாண்டு பழசானாலும் ஐந்தாண்டு மீதமிருக்கும். ஆகவே கேட்க வேண்டியது 'எவ்வளவு தள்ளுபடி?' என்பதல்ல, 'இன்னும் எத்தனை ஆண்டு?' என்பதே.

காலம் முடிந்த போனை வைத்திருந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். அதில் நம் வங்கிக் கணக்கு இருக்கிறது. வீட்டுப் பெண்களின் படங்களும், உறவினர் எண்களும், பிறர் நம்பிச் சொன்ன செய்திகளும் இருக்கின்றன. அவை அமானிதம். பூட்டு உடைந்த பெட்டியில் பிறர் பொருளை வைக்கலாமா?

அப்படியானால் புதியதைத் தவணையில் வாங்கிவிடலாமா? 'வட்டியில்லாத் தவணை' என்ற பலகையைக் கண்டு மயங்க வேண்டாம். 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே, பூஜ்ய வட்டி என்பது இல்லாத ஒன்று. வட்டி 'பிராசஸிங் ஃபீஸ்' போன்ற பெயர்களில் மறைத்து வாங்கப்படுகிறது என்று வங்கிகளுக்கு எழுதியது. பெயர் மாறினால் வட்டி வட்டியல்லாமல் போகாது. கையெழுத்திடும் முன், ரொக்கத்துக்கு என்ன விலை, தவணைக்கு மொத்தம் எவ்வளவு, தவறினால் அபராதம் என்ன என்று கேட்டுவிடுங்கள். கடைக்காரரின் முகத்திலேயே பாதி விடை தெரியும்.

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. நம் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வியாபாரம் செய்தவர்கள். குறையுள்ள துணியொன்றை, குறையைச் சொல்லாமல் கூட்டாளி விற்றுவிட்டார் என்றறிந்ததும், அந்தப் பணம் முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாறு கூறுகிறது. போன் எந்த மாதம் வெளியானது, அப்டேட் எதுவரை வரும் என்பதை விலைச்சீட்டின் பக்கத்திலேயே எழுதிவைத்தால் என்ன? விற்பனை கொஞ்சம் குறையலாம், பரக்கத் குறையாது.

அந்தச் சகோதரரிடம் நாம் சொன்னது இதுதான்: "இரண்டையும் விடுங்கள். கையிலுள்ள ரொக்கத்துக்குள், இந்த ஆண்டு வெளியான எளிய மாடல் ஒன்றைப் பாருங்கள். படம் சற்று மங்கலாக விழலாம். படிப்புக்கு அது போதும். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்."

மறுவாரம் வந்தார். 10,000 ரூபாயில் நான்காண்டு அப்டேட் உள்ளதாக ஒன்று கிடைத்ததாம். கணக்குப் போட்டு அதைத் தேர்ந்தெடுத்தது மகளேதானாம். போனைவிட அவள் கற்ற அந்தக் கணக்கு நீண்ட நாள் உழைக்கும்.

தேவைக்கும் ஆசைக்கும் இடையிலுள்ள வேற்றுமையை அறிந்து நடக்கும் நற்பேற்றை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.