எப்போது வேண்டுமானாலும்

வீட்டு டிவியில் இணையவழிப் படங்கள் பார்க்க எந்தக் கருவியை வாங்குவது என்பது அறம் சார்ந்த கேள்வி என்று சொன்னால் என் மாணவிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கடையில் இந்தக் கேள்விக்கு நான்கு அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள்: படத்தின் துல்லியம், ஒலி, நினைவகம், விலை. நான்குமே கருவியைப் பற்றியவை. அதன் முன்னால் உட்காரப்போவது யார், எத்தனை மணிக்கு அவளால் உட்கார முடியும், அவள் பார்த்ததை வேறு யாரெல்லாம் தெரிந்துகொள்வார்கள் என்பவை எந்த அட்டைப்பெட்டியிலும் அச்சிடப்பட்டிருப்பதில்லை. "சாரைக் கூட்டிட்டு வந்துடுங்க மேடம், அவருக்குச் சொன்னா புரியும்" என்று ஒரு கடையில் என்னிடம் சொன்னார்கள். அச்சிடப்படாத ஐந்தாவது அளவுகோலை அந்த விற்பனையாளர் தன்னை அறியாமலே சொல்லிவிட்டார்.

முதலில் பொருளைப் பார்ப்போம். இப்போது விற்கும் டிவிகளில் பலவற்றுக்குள்ளேயே இணைய வசதி இருக்கிறது. டிவி பழையதாக இருந்தாலோ, அதன் மென்பொருள் தளர்ந்துபோயிருந்தாலோ, பின்பக்கத்து எச்டிஎம்ஐ துளையில் செருகும் விரல் நீள ஸ்டிக் ஒன்றையோ சிறு பெட்டி ஒன்றையோ வாங்குகிறோம். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினியையோ பழைய லேப்டாப்பையோ டிவியோடு இணைத்து, கோடி, ஜெல்லிஃபின் போன்ற கட்டற்ற மென்பொருள்களை நிறுவி, நம்மிடம் உள்ள படங்களை நம் ஹார்ட் டிஸ்கிலிருந்தே ஓடவிடலாம். முதல் இரண்டும் வாங்கிய அன்றே வேலை செய்யும். மூன்றாவது ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுவிடும். யாருடைய ஞாயிற்றுக்கிழமை என்பது தனிக் கேள்வி.

ரிமோட்டிலிருந்து தொடங்குகிறேன். 2013இல் கூகுள் வெளியிட்ட முதல் குரோம்காஸ்டுக்கு ரிமோட் கிடையாது. கையில் இருக்கும் ஸ்மார்ட்ஃபோன்தான் ரிமோட். 2020இல்தான் அந்த வரிசையில் ரிமோட்டோடு ஒரு கருவி வந்தது. ரிமோட் என்ற பிளாஸ்டிக் துண்டு தேவையற்றது என்று நினைத்தவர்களின் மனத்தில் இருந்த வீட்டில் எல்லாருடைய பையிலும் ஒரு ஃபோன் இருந்திருக்க வேண்டும். நம் நாட்டு வீடு அப்படி இல்லை. 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருக்கும் பெண்கள் இந்தியாவில் சுமார் 54 விழுக்காடுதான். அந்தக் கைபேசிகளும் எல்லாமே ஸ்மார்ட்ஃபோன்கள் அல்ல. ரிமோட் இல்லாத கருவி நுழையும் வீட்டில், மருமகன் வரும்வரை காத்திருக்கும் ஒரு மாமியார் இருப்பார். பொத்தான் உள்ள ரிமோட்டையாவது மேசையிலிருந்து எடுத்துவிடலாம். மகனின் சட்டைப் பையில் இருக்கும் ஃபோனை யார் எடுப்பது?

ரிமோட்டுக்குப் பிறகு கணக்கு. கருவியைச் செருகியதும் அது முதலில் கேட்பது கைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ. ஓடிபி யாருடைய ஃபோனுக்கு வருகிறதோ அவரே அதன் கண்ணில் 'பயனர்'. தமிழ் படித்தவளாக இந்தச் சொல்லில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 'அர்' என்பது பலர்பால் விகுதி. கருவியோ 'பயனர்' என்பதை ஒருமையாகவே படிக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டை ஓர் ஆளாகச் சுருக்கி, அந்த ஆளின் விருப்பங்களை வீட்டின் விருப்பம் என்று முகப்பில் அடுக்குகிறது. ஒரு வீடு என்றால் ஒரு தலை என்ற எண்ணம் ரேஷன் அட்டைக் காலத்திலிருந்து நமக்குப் பழக்கமானது. அமெரிக்காவில் வடிவமைத்த ஸ்டிக்கும் அதே தலையைத்தான் தேடுகிறது என்பதில் ஆணாதிக்கத்தின் உலகளாவிய ஒற்றுமை தெரிகிறது.

அடுத்தது, பார்ப்பவளைப் பார்ப்பது. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ராபர்ட் போர்க் என்பவரை அதிபர் ரீகன் முன்மொழிந்தபோது, போர்க் குடும்பம் வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டுகளின் பட்டியலைப் பெற்று ஒரு வாஷிங்டன் வார இதழ் வெளியிட்டது. பட்டியலில் அதிர்ச்சியாக ஒன்றும் இல்லை. ஆனாலும் அரசியலர்கள் பதறினார்கள். அடுத்த ஆண்டே, 1988இல், வீடியோ வாடகை விவரங்களை வெளியிடுவதைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. இதில் ஒரு நகைமுரண் உண்டு. அரசமைப்புச் சட்டத்தில் பொதுவான அந்தரங்க உரிமை என்று எதுவும் இல்லை என வாதிட்டவர் போர்க். தம்பதியர் கருத்தடைச் சாதனம் பயன்படுத்துவதை அந்தரங்க உரிமை என்று ஏற்ற 1965ஆம் ஆண்டு கிரிஸ்வோல்ட் தீர்ப்பையும் அவர் ஏற்கவில்லை. பெண்களின் கருப்பைக்குக் கேட்ட உரிமை பல ஆண்டுகளாகச் சர்ச்சையில் கிடக்க, ஆண்களின் கேசட் பட்டியலுக்கு ஒரே ஆண்டில் சட்டம் கிடைத்தது.

கேசட் போய்விட்டது, பட்டியல் போகவில்லை. 2017இல் விசியோ என்ற டிவி நிறுவனம் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடனும் நியூ ஜெர்சி மாநிலத்துடனும் 22 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஒரு கோடிக்கும் அதிகமான டிவிகளில் திரையில் ஓடுவதை நொடிக்கு நொடி, பார்ப்பவருக்குத் தெரியாமல் சேகரித்தது என்பது அதன்மீதான குற்றச்சாட்டு. அதே 2017 ஆகஸ்ட் 24 அன்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். வீட்டின் அந்தரங்கம் என்ற திரைக்குப் பின்னால் பெண்மீதான வன்முறை மறைக்கப்படுகிறது என்ற பெண்ணிய விமர்சனத்தையும் அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்துப் பேசுகிறது.

இந்த இடத்தில்தான் என் கேள்வி கனக்கத் தொடங்குகிறது. அரசிடமிருந்தும் நிறுவனத்திடமிருந்தும் நம்மைக் காக்கச் சட்டம் கேட்கலாம். 'தொடர்ந்து பார்க்க' என்ற வரிசையை ஹாலில் எல்லார் முன்னாலும் விரித்துவைக்கும் திரையிடமிருந்து ஒரு பெண்ணைக் காப்பது எது? விவாகரத்து பற்றிய படத்தைப் பாதியில் நிறுத்தியவள், இரு பெண்களின் காதலைப் பார்த்த கல்லூரிப் பெண், கணவனை இழந்தபின் முதன்முறையாக ஒரு நகைச்சுவைப் படம் பார்த்துச் சிரித்த அத்தை, இவர்கள் எவரும் குற்றம் செய்யவில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் திரை அவர்களைக் காட்டிக்கொடுக்கிறது. நம் மொழியில் 'அகம்' என்றால் வீடு, 'அகம்' என்றால் மனம். இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதை வகுப்பில் அழகு என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். வீட்டார் அறியாத மனம் ஒரு பெண்ணுக்கு இருக்கக் கூடாது என்ற எதிர்பார்ப்பும் அந்த அழகுக்குள் ஒளிந்துகொள்ள முடியும். ஆகவே தனித்தனிப் புரொஃபைல், அதற்கு நான்கு இலக்கப் பூட்டு, பார்த்த பட்டியலை அழிக்கும் வசதி ஆகியவற்றை நான் உபரி அம்சங்களாகக் கருதுவதில்லை. வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் தனக்கென்று ஓர் அறை கேட்டார். ஒரு பூட்டுள்ள புரொஃபைல் அறைக்கு ஈடாகாது. ஆனால் 'எதுக்குப் பூட்டு, என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?' என்ற கேள்வி வரும்போது, அறை கேட்டவளுக்கு வந்த அதே கேள்விதான் இது என்பது விளங்கும்.

இனி நேரம். ஸ்ட்ரீமிங் தரும் பெரிய சுதந்திரம், எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது. சன் டிவி 1993 ஏப்ரலில் தொடங்கியபின் தமிழ் வீடுகளில் மெல்ல வேரூன்றியது சீரியல் நேரம். அந்தச் சீரியல்களின் உள்ளடக்கத்தை எத்தனையோ விதமாக நாம் விமர்சித்திருக்கிறோம். சீரியல் பார்க்கும் பெண்களைப் பற்றிய கேலியையோ போதுமான அளவு விமர்சிக்கவில்லை. என் அம்மாவுக்குச் சீரியல் என்பது கதை மட்டுமாக இருந்ததில்லை. அந்த அரைமணி நேரம் கடிகாரத்தில் அவருக்கு எழுதிவைக்கப்பட்டிருந்தது. அதற்குள் சாதம் வடித்து, குழம்பை இறக்கி வைத்துவிடுவார். "எட்டு மணிக்கு அவ எழுந்திருக்க மாட்டா" என்று அப்பா சலித்துக்கொள்வார். ஆனால் தண்ணீரைத் தானே எடுத்துக் குடிப்பார். அவருடைய சலிப்பில் ஓர் ஒப்புதல் இருந்தது. அலைவரிசை நிற்காது, அதனால் அம்மாவும் எழ வேண்டியதில்லை.

இப்போது திரையை நிறுத்திவைக்கலாம். நிறுத்த முடியும் என்பதாலேயே நிறுத்தச் சொல்ல முடிகிறது. "அப்புறம் பாத்துக்கலாம்ல" என்ற வாக்கியத்துக்குத் தொழில்நுட்பமே நியாயம் வழங்கிவிட்டது. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றால், இப்போதுதான் பார்க்க வேண்டும் என்று அவள் கோர முடியாது. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள். ஐந்து மணி நேரத்துக்குச் சற்றே குறைவு ஒருவருக்கு, ஒன்றரை மணிகூட இல்லை இன்னொருவருக்கு. இப்படிப்பட்ட வீட்டில் 'எப்போது வேண்டுமானாலும்' என்ற சொல் இருவருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஒருவருக்கு அது தேர்வு. மற்றவருக்கு அது ஒத்திவைப்பு. இரவு பதினொன்றுக்கு அடுப்படி துடைத்தபின், காதில் இயர்ஃபோன் செருகி, கைபேசியின் உள்ளங்கை அளவு திரையில், தூக்கத்திலிருந்து கடன்வாங்கிப் பார்ப்பதுதான் அவளுடைய 'எப்போது வேண்டுமானாலும்'. பெரிய திரை ஹாலில் அணைந்து கிடக்கிறது.

ஆளுக்கொரு ஃபோன் இருக்கும்போது ஹால் டிவிக்காக ஏன் சண்டையிட வேண்டும் என்று இளைய தோழிகள் கேட்கிறார்கள். தனிமையின் அருமை தெரிந்தவள்தான் நான். ஆனால் பொதுவெளியை விட்டுக்கொடுத்துப் பெறும் தனிமை, ஒதுக்கப்படுதலின் இன்னொரு பெயராகிவிடக் கூடும். அடுப்படியும் ஒரு காலத்தில் எங்களுக்கே எங்களுக்கென்று தரப்பட்ட தனியிடம்தானே. தமிழ்நாடு அரசு 2006இல் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியபோது அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. அதுவரை மேலத்தெரு வீட்டு வாசலிலோ சன்னலோரமோ நின்று படம் பார்த்த பெண்கள் தங்கள் வீட்டுத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதைக் கேலி செய்தவர்கள் கணக்கிடவில்லை. எங்கே உட்கார்ந்து பார்க்கிறோம் என்பதும் மரியாதை சம்பந்தப்பட்டது. எனக்குப் பூட்டுள்ள புரொஃபைலும் வேண்டும், ஹால் சோபாவில் இடமும் வேண்டும்.

மூன்றாவது வழியான சொந்தச் சேமிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓடிடி தளத்தில் இன்று இருக்கும் படம், உரிமக் காலம் முடிந்தால் நாளை இருக்காது. நாம் சந்தா கட்டுவது பார்க்கும் அனுமதிக்கு. வீட்டுக்கு வெளியே கிடைக்கவே கிடைக்காத படங்களும் உண்டு: திருமணக் கேசட், வளைகாப்பு, பாட்டி ஆடிக்காட்டிய கும்மி, அம்மா பணி ஓய்வு பெற்ற நாளில் பேசிய மூன்று நிமிடப் பேச்சு. எந்தப் பரிந்துரைப் பட்டியலிலும் இவை வராது. இவற்றை டிஜிட்டலாக்கி ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, தேதியிட்டுப் பெயரிட்டு வைப்பது ஆவணப்பணி. பெண்களின் வரலாறு கிடைக்கவில்லை என்று ஆய்வேடுகளில் எழுதுகிறோம். அதில் ஒரு பகுதி, பூஞ்சை பிடித்த கேசட்டாகப் பரணில் கிடக்கிறது. ஆகவே எந்தக் கருவியாக இருந்தாலும் அதில் ஒரு யூஎஸ்பி துளை இருக்கிறதா, அல்லது வீட்டு வைஃபை வழியாக நம் சேமிப்பைத் திறக்க அது அனுமதிக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன்.

ஒரு ஸ்டிக்குக்கு இத்தனை யோசனையா என்று கேட்கலாம். குறளின் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் உண்டு. ஆராய்ந்தபின் ஒருவரை நம்புவது முதலாவது, நம்பியவரை வேலையில் அமர்த்துவது இரண்டாவது. மன்னனுக்குச் சொல்லப்பட்டவை அவை. வீட்டுக்குள் ஒரு கண்ணையும் காதையும் வேலைக்கு அமர்த்தும் இந்தக் காலத்தில் அந்த ஆராய்ச்சி குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் உரியது. ஆராயாமல் நம்புவது பேதைமை. "அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்" என்று ஆராய்ச்சியை இன்னொருவரிடம் விட்டுவிடுவதையும் அதே வரிசையில்தான் வைப்பேன். தெரியாது என்பது பல நேரங்களில் நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். மிக்ஸியின் ஜாரைக் கழற்றி வாஷர் மாற்றத் தெரிந்த கைக்கு எச்டிஎம்ஐ துளை ஒரு பெரிய விஷயமே இல்லை.

ஆகவே வாங்கும் முன் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டியவை சில. ரிமோட் உண்டா, அதைப் பாட்டியால் இயக்க முடியுமா? மெனு தமிழில் வருமா? கணக்கு யார் எண்ணில், பாஸ்வேர்டு யார் யாருக்குத் தெரியும்? புரொஃபைலுக்குப் பூட்டு உண்டா, பூட்டியவளை யாரும் கேள்வி கேட்காமல் இருப்பார்களா? பார்வைத் தகவல் சேகரிப்பை செட்டிங்ஸில் போய் யார் அணைப்பது? மாதச் சந்தா யாருடைய வருமானத்திலிருந்து, அந்தப் பணத்தில் யாருடைய படங்கள்? இந்தக் கேள்விகளில் பாதிக்குத்தான் கருவி பதில் சொல்லும். மீதிக்கு வீடு பதில் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒன்று உண்டு. இரவு எட்டிலிருந்து எட்டரை வரை, அல்லது அவள் குறிக்கும் ஏதோ ஓர் அரைமணி, பெரிய திரை அவளுடையது என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். அந்த அரைமணியில் தண்ணீர் கேட்கக் கூடாது, சாவி எங்கே என்று கேட்கக் கூடாது. ஓடும் படத்தை நிறுத்தச் சொல்லக் கூடாது.