வென்றால் நாம், தோற்றால் அவர்கள்

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் விளையாட்டைப் பற்றியது. விளையாட்டுக்கும் அறநெறிக்கும் என்ன தொடர்பு என்று முகஞ் சுளிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள்க. பந்தைத் தொடாத ஒருவன், பந்தாடிய பதினொருவரின் வெற்றியைத் தன் வெற்றி என்று சொல்லிக்கொள்ள என்ன உரிமை உடையவன்? உரிமை உண்டெனில் அதற்கு அவன் கொடுக்க வேண்டிய விலை யாது? இதுவே வினா. எந்த நாட்டு விளையாட்டுக்கும் இது பொருந்தும். ஆயினும் அமெரிக்க நாட்டு நகரம் ஒன்றில் இவ்வினா மிகத் தெளிவாகத் தலைகாட்டியிருப்பதால் அந்நகரத்தையே சான்றாகக் கொள்கிறோம்.

நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஈரி என்னும் பேரேரியின் கரையில் இருப்பது பஃபலோ நகரம். மழைக்காலம் நமக்கு எப்படியோ அப்படி அவர்களுக்குப் பனிக்காலம். ஆனால் அங்கே வானத்திலிருந்து விழுவது வழிந்தோடிவிடாமல் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். 1950-ஆம் ஆண்டில் அந்நகரில் 5,80,000 மக்கள் வாழ்ந்தனர். தானியக் கிடங்குகளும் எஃகு ஆலைகளும் அவர்களுக்குச் சோறிட்டன. பக்கத்து ஊரான லாக்கவானாவில் இருந்த பெத்லகேம் பேராலை 1983-இல் எஃகு உருக்குவதை நிறுத்திற்று. 1990-இல் குடிக்கணக்கு எடுத்தபோது நகரத்தில் எஞ்சியிருந்தவர் 3,28,000 பேரே. வேலை போயிற்று, வேலையைத் தேடிப் பிள்ளைகளும் போயினர். போகாமல் நின்றவற்றுள் ஒன்று, 1960 முதல் ஆடிவரும் 'பில்ஸ்' என்னும் தொழில்முறைப் பந்தாட்ட அணி.

அமெரிக்கர் ஃபுட்பால் என்று சொல்வது நம் காற்பந்து அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், தொலைவிலிருக்கும் தோழனுக்கு எறிவதும், எதிரி அவனை மோதி வீழ்த்துவதுமே அவ்வாட்டம். காலுக்கு வேலை மிகக் குறைவு. உதைப்பதற்கென்றே ஒருவரை வைத்திருப்பர். அவர் ஆட்டம் முழுவதும் ஓரத்தில் நின்றுவிட்டு, சில கணங்களுக்கு மட்டும் உள்ளே வந்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தைச் செலுத்தினால் மூன்று புள்ளி கிடைக்கும். இந்த உதைப்பாளரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளக் கோருகிறோம். அவரிடம் மீண்டும் வருவோம்.

ஆட்டம் பெரும்பாலும் ஞாயிறன்று நடக்கும். திங்களன்று ஊரெங்கும் வழக்காடு மன்றந்தான். சவரக்கடையிலும் சாராயக்கடையிலும் வேலைத்தலத்திலும் கூடுகின்றவர்கள் ஒவ்வொரு வீரனையும் எடுத்து நிறுத்துப் பார்க்கிறார்கள். இவனுக்கு முப்பது வயது கடந்துவிட்டது, விட்டுவிடலாம். அவனுக்கு முழங்கால் பழுது, விலை குறையுமுன் வேறோர் அணிக்குத் தள்ளிவிடலாம். வருகிற ஏப்ரலில் கல்லூரியிலிருந்து வரும் இளைஞருள் யாரைப் பிடிக்கலாம் என்று பேச்சு நீளுகிறது. 1994 முதல் ஓர் அணி தன் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு வரம்பு வகுக்கப்பட்டிருப்பதால், ஆட்டம் பார்க்க வந்தவன் கணக்குப்பிள்ளையாகவும் மாறிவிட்டான். அணியை விட்டு நீங்கியவனுக்காக இன்னும் கணக்கில் நிற்கும் தொகைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'செத்த பணம்' என்பது. சொல் எங்கிருந்து வந்தாலென்ன, அதைச் சொல்லிப் பழகிய நாக்கு மனிதனைப் பற்றி எப்படிப் பேசும் என்பதை ஊகிக்கலாம்.

புதிய வீரரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் அவ்வாறே. இளைஞர்களை ஒரே இடத்தில் கூட்டி, உயரம், எடை, கையின் நீளம், உள்ளங்கையின் அகலம் வரை அளக்கிறார்கள். நாற்பது கஜம் ஓடவிட்டு நொடிகளை எண்ணுகிறார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது நினைவுக்கு வருகிறதெனில் குற்றம் நம்முடையதன்று. பின்னர் அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்கின்றன. இளைஞன் தான் சேரும் நகரைத் தானே தேர்ந்துகொள்ள இயலாது. 2018-இல் பஃபலோ அணி ஏழாவது முறையில் ஜாஷ் ஆலன் என்பவரை எடுத்தது. கல்லூரியில் அவர் எறிந்த பந்துகளில் நூற்றுக்கு 56 அளவே உரியவர் கையைச் சேர்ந்தன என்று சொல்லி, இத்தேர்வு பெரும்பிழை என்றவர் பலர். 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் அவரே லீக் முழுவதிலும் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் பட்டம் பெற்றார். பிழை என்றவர்களை இன்று தேடினால் ஒருவரும் அகப்படமாட்டார். அன்றே எங்களுக்குத் தெரியும் என்பவரே எங்கும் இருப்பர்!

இங்கேதான் நம் தமிழ் மொழி ஒரு நன்மை செய்கிறது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். நமக்கு இரண்டு உண்டு. கேட்பவனையும் உளப்படுத்தினால் 'நாம்'. அவனை வெளியே நிறுத்தினால் 'நாங்கள்'. பஃபலோக்காரன் ஒருவன் அணியின் ஆட்டக்காரர் எதிரில் நின்று வெற்றியைப் பேசினால் அதைத் தமிழில் 'நாம் வென்றோம்' என்று பெயர்க்கத் தடையில்லை. தோல்வியன்று அதே வாய் என்ன சொல்கிறது? 'நாங்கள் ஏமாந்தோம், நீங்கள் தோற்றீர்கள்.' ஞாயிற்றுக்கிழமை உள்ளே இருந்தவன் திங்கட்கிழமை வெளியே நிற்கிறான். (நாம் இப்பத்தியில் எழுதும் 'நாம்' எத்தகையது என்று குறும்புக்கார நேயர் ஒருவர் கேட்கக்கூடும். எழுத்துப்பிழை வரும் வாரங்களில் அது ஒருமையாகிவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.)

இது வெறும் ஊகமன்று. 1976-இல் ராபர்ட் சியால்டினி என்னும் அமெரிக்க உளநூல் அறிஞரும் அவருடைய தோழர்களும் இதை ஆராய்ந்து வெளியிட்டனர். ஏழு பல்கலைக்கழகங்களில், தம் அணி வென்ற வாரத்துத் திங்களன்று மாணவர்கள் கல்லூரிப் பெயர் பொறித்த உடையை மிகுதியாக அணிந்து வந்தனர். தோற்ற வாரத்தில் அத்துணை இல்லை. தொலைபேசியில் கேட்டபோது, வெற்றியை விவரித்தவர்கள் தம்மையும் அணியையும் சேர்த்துப் பன்மையில் பேசினர். தோல்வியை விவரித்தவர்களிடம் அப்பேச்சு குறைந்துபோயிற்று. இன்னொன்றும் கண்டனர். அழைப்பின் தொடக்கத்தில் சிறிய தேர்வு ஒன்று வைத்து, நீ நன்றாகச் செய்யவில்லை என்று சொல்லப்பட்ட மாணவர்களிடமே இவ்வழக்கம் வலுத்திருந்தது. தன்னளவில் தாழ்த்தப்பட்டவனே பிறர் வெற்றியை இறுகப் பற்றுகிறான். ஆலை மூடிய ஊரில் பந்தாட்டப் பேச்சு ஏன் ஓய்வதில்லை என்பதற்கு இதிலும் ஒரு விடை இருக்கிறது. அதைக் கேட்டு நகைப்பதற்கு நமக்கு மனம் வரவில்லை.

பகுத்தறிவாளர் சிலர் இவ்விடத்தில் குறுக்கிடுவர். அணி ஒரு முதலாளியின் உடைமை. வீரர் கூலிக்கு ஆடுவோர். ஏழை எதற்காகத் தன் நெஞ்சை அதில் வைக்கிறான் என்பர். இதில் மெய் இல்லாமலில்லை. 2014-இல் அணியைப் புதிய உடைமையாளர் 140 கோடி டாலருக்கு வாங்கினர். 2022-இல் புதிய அரங்கு கட்ட உடன்பாடு செய்தபோது மாநிலமும் மாவட்டமும் 85 கோடி டாலர் பொதுப் பணத்தைத் தர இசைந்தன. செலவைப் பகிர்கையில் 'நாம்' என்று அழைத்தவர்கள் வரவைப் பகிர்கையில் அச்சொல்லை மறந்துவிடுகின்றனர். விஸ்கான்சின் மாநிலத்துக் கிரீன் பே நகரில் அணியின் பங்குகளைப் பொதுமக்களே வைத்திருக்கிறார்கள். பங்குதாரர் ஐந்து இலட்சத்துக்கு மேல். அங்கும் ஒருவருக்கும் இலாபத்தில் காசு கிடையாது. ஆனால் காசு வராத ஒன்றில் மனிதன் நெஞ்சை வைப்பதே மூடத்தனம் என்றால், சங்கம் நூலகம் என்று ஊர்தோறும் மனிதர் கூடிச் செய்த அனைத்தையும் அப்பட்டியலில் சேர்க்க நேரும். ஆதலின் பற்றை நாம் குறை கூறவில்லை. ஆட்டத்தை எடைபோடுவதையும் குறை கூறவில்லை. சம்பளம் பெற்று ஊரறிய ஆடுபவரின் ஆட்டத்தை ஊரார் மதிப்பிடுவது முறையே. எடைபோட்ட பின் ஆடியவனை எங்கே நிறுத்துகிறோம் என்பதே நம் கேள்வி.

2023-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் இரவு, சின்சினாட்டி நகரில் பஃபலோ அணி ஆடிக்கொண்டிருந்தது. இரு நகரத்தாரும் அதுவரை பேசியது பந்தய வரிசையில் யார் முதலிடம் பெறுவார் என்பதைப் பற்றியே. டமார் ஹாம்லின் என்னும் இருபத்துநான்கு வயது இளைஞர் எதிரியை மோதி வீழ்த்தினார், எழுந்தார், உடனே மல்லாந்து விழுந்தார். அவருடைய இதயம் நின்றுவிட்டது. ஆடுகளத்திலேயே மார்பை அழுத்தி உயிரூட்டினர். ஆட்டம் நிறுத்தப்பட்டது; பின்னர் நடைபெறவேயில்லை. முதலிடம் பற்றிய வழக்கு அந்த இரவில் எங்கே போயிற்று? ஏழைக் குழந்தைகளுக்குப் பொம்மை வாங்கித் தர 2,500 டாலர் திரட்ட எண்ணி ஹாம்லின் முன்பு தொடங்கியிருந்த சிறிய நிதியைத் தேடிப் பிடித்து, சில நாட்களில் எண்பது இலட்சம் டாலருக்கு மேல் கொட்டினார்கள். கொடுத்தவருள் எதிரணி ஊராரும் இருந்தனர். அவர் பிழைத்தார், அவ்வாண்டே மீண்டும் ஆடவும் வந்தார்.

பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனாலும் நமக்கு ஒரு நெருடல் உண்டு. எண்ணாக இருந்தவர் மனிதராகத் தெரிவதற்கு இதயம் நின்றுபோக வேண்டியிருந்தது. இதயம் நில்லாமல் மூளை சிறுகச் சிறுகக் கலங்கிப் போன பழைய வீரர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். தலையில் பட்ட அடிகளுக்காக அவர்கள் தொடுத்த வழக்கில் ஈடு கொடுக்க லீக் 2013-இல் உடன்பட்டது. நீதிமன்றம் 2015-இல் அதை ஏற்றது. அவர்களுக்காக எந்த ஊரும் ஓர் இரவு பேச்சை நிறுத்தியதில்லை.

ஓராண்டு கழிந்தது. 2024 ஜனவரியில் பஃபலோவில் பெரும் பனிப்புயல். ஞாயிறன்று நடக்கவேண்டிய ஆட்டம் திங்களுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அரங்கில் குவிந்த பனியை அள்ளிப் போட மணிக்கு 20 டாலர் தருவதாக அணியார் அறிவிக்க, ஊரார் மண்வெட்டியும் கையுமாக வந்து சேர்ந்தனர். கூலி கிடைக்கிறதென்றாலும், அந்தக் குளிரில் அவர்களை இழுத்தது கூலி மட்டுமன்று. அவ்வாட்டத்தில் அணி வென்றது. அடுத்த ஞாயிறு, ஜனவரி 21, கான்சாஸ் நகர அணியோடு ஆட்டம். முடிய இரண்டு நிமிடத்துக்குக் குறைவான நேரம். மூன்று புள்ளி பின்தங்கியிருந்தனர். நாம் நினைவில் வைக்கச் சொன்ன உதைப்பாளர் உள்ளே வந்தார். அவர் பெயர் டைலர் பாஸ். தொலைவு 44 கஜம். பந்து கம்பத்துக்கு வலப்புறமாக விலகிப் போயிற்று. 27-க்கு 24 என்று தோல்வி.

அன்றிரவே முகந்தெரியாதவர்கள் கைப்பேசி வழியே அவர்மீது பொழிந்த வசை இத்தகையதென்று எழுத இவ்வேடு இடந்தராது. செய்தி பெறும் வழிகளையே அவர் அடைத்துக்கொண்டார். வசை எழுதியவருள் முந்தின வாரம் பனி அள்ளியவர் யாரேனும் இருந்தனரோ, அறியோம். மறுநாள் அதே ஊரார் மற்றொன்று செய்தனர். அவர் துணை நின்ற, ஆதரவற்ற பூனைகளைக் காக்கும் நிலையம் ஒன்று அவ்வூரில் உண்டு. அவருக்காக என்று சொல்லி ஆளுக்கு 22 டாலராக அந்நிலையத்துக்கு அனுப்பத் தொடங்கினர். தொகை இலட்சங்களைத் தாண்டிற்று. ஓர் ஊருக்குள் இரண்டு ஊர்கள்! இருட்டில் கல் எறிந்த கையும் பகலில் காசு அனுப்பிய கையும் சில இடங்களில் ஒரே கையாக இருந்திருக்கலாம் என்றே நாம் ஐயுறுகிறோம். மனித மனம் அப்படிப்பட்டது.

வலப்புறமாக விலகிய பந்து அவ்வூருக்குப் புதிதன்று. 33 ஆண்டுகளுக்கு முன், 1991 ஜனவரி 27-ஆம் நாள், ஃபிளாரிடா மாநிலத்துத் தாம்பா நகரில், நாட்டின் முதன்மைப் பட்டத்துக்கான ஆட்டத்தில் பஃபலோ அணி முதன்முறையாக நின்றது. 20-க்கு 19, ஒரே புள்ளி குறைவு, எட்டு நொடி எஞ்சியிருந்தது. ஸ்காட் நார்வுட் என்னும் உதைப்பாளர் 47 கஜத்திலிருந்து உதைத்தார். உயரமாகப் போயிற்று, தொலைவு போயிற்று, கம்பத்துக்கு வலப்புறமாகவும் போயிற்று. அடுத்த மூன்று ஆண்டுகளும் அவ்வணி இறுதியாட்டம் வரை சென்று மூன்றிலும் தோற்றது. அந்த ஓர் உதை மட்டும் சரியாக விழுந்திருந்தால் என்பதே அவ்வூரின் ஓயாத பேச்சு.

மறுநாள் திங்கட்கிழமை. தோற்றவர்கள் ஊர் திரும்பினர். நகர மண்டபத்தின் எதிரில் உள்ள நயாகரா சதுக்கத்தில் பல்லாயிரவர் குளிரில் திரண்டிருந்தனர். பெரியோர் பேசினர், பயிற்சியாளர் பேசினர். கூட்டம் கேட்டது வேறொருவரை. ஸ்காட் வேண்டும், ஸ்காட் வேண்டும் என்று கூவிற்று. பின்வரிசையில் நின்ற அவரை முன்னே அழைத்து வந்தனர். அவர் முகத்தை அத்தனை பேரும் பார்த்தனர். அவர்களுடைய முகங்களை அவரும் பார்த்தார். குரல் தழுதழுக்க, தாம் இதைவிட மிகுதியாக அன்பு பெற்றதாக உணர்ந்ததேயில்லை என்னும் பொருள்படச் சில சொற்கள் சொன்னார். அவ்வூரில் தோல்வியன்று 'நாம்' என்னும் சொல்லைத் தமிழ்ப்பொருளில் முழுமையாக உரைத்த நாள் அது.

அடுத்த பருவம் முழுவதும் அவர் அவ்வணிக்கே ஆடினார். 1992-இல் அணியார் வேறோர் உதைப்பாளரை அமர்த்திக்கொண்டு அவரை விடுவித்தனர். சதுக்கத்தில் நின்று அவர் பெயரைக் கூவியவர்களில் பலர், சவரக்கடையில் உட்கார்ந்து, அது சரியான முடிவே என்று சொல்லியிருக்கவும் கூடும்.