ஒரே உணவும் உணவில் அளவறிதலும்

உடற்பருமனைக் குறைக்க விரும்புவோர் பலர் இந்நாளில் ஓர் ஒழுங்கைக் கைக்கொள்ளுகின்றனர். காலையில் இன்னது, நண்பகலில் இன்னது, இரவில் இன்னது என்று ஒருமுறை வகுத்துக்கொண்டு, வாரத்தின் ஏழு நாளும் அதனையே மாற்றமின்றி உண்பது அவ்வொழுங்கு. காலையில் இரண்டு இட்டலி, பகலில் ஒரு கிண்ணம் சோறும் கீரையும் பருப்பும், இரவில் இரண்டு சப்பாத்தி என்றால், திங்கட்கிழமைக்கும் அதுவே, ஞாயிற்றுக்கிழமைக்கும் அதுவே. இதனால் எடை குறைந்தது என்று கூறுவோர் உளர். நம் தம்ம அன்பர்களிடையேயும் இதனை மேற்கொண்டோர் இருக்கின்றனர். அவர்களுட் சிலர், இஃது ஒரு சீலமே என்றும், நாவை அடக்கும் இவ்வழியே பகவான் புத்தர் காட்டிய வழி என்றும் கருதுகின்றனர். இக்கருத்து ஆராயத்தக்கது. உடலுக்கு நன்மை தரும் பழக்கம் யாவும் சீலமாகிவிடுமா? ஒரே உணவை உண்பதனால் ஒருவன் ஆசையை வென்றவன் ஆவானா?

முதற்கண் இவ்வொழுங்குக்குரிய நியாயத்தைக் குறைவின்றிக் கூறிவிடுதல் முறை. மனிதன் பசியினால் மட்டும் உண்பதில்லை. சுவையின் புதுமையாலும் உண்கிறான். கலியாணப் பந்தியில் சோறு போதும் என்று கைகாட்டியவர், பாயசம் வருகையில் மறுப்பதில்லை. ஒரு சுவை அலுத்தபோது மற்றொரு சுவை ஆசையைப் புதுப்பிக்கின்றது. இதனை அறிவியலாரும் சோதித்து அறிந்துள்ளனர். இங்கிலாந்தில் பார்பரா ரோல்ஸ் என்னும் அம்மையாரும் அவருடன் உழைத்தோரும் 1981 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், நான்கு வகைப் பண்டங்களை உள்ளே வைத்த ரொட்டிகளைக் கொடுத்தபோது, ஒரே வகையைக் கொடுத்தபோது உண்டதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிகுதியாக மக்கள் உண்டனர். அமெரிக்காவில் லெனார்டு எப்ஸ்டீன் முதலியோர் 2011 ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், ஒரே பண்டத்தை ஐந்து நாள் தொடர்ந்து பெற்ற பெண்கள் வரவரக் குறைவாக உண்டனர். அதே பண்டத்தை வாரத்துக்கு ஒருமுறை பெற்றவர்களிடம் அக்குறைவு காணப்படவில்லை. மேலும், இன்று எதை உண்பது என்று நாள்தோறும் மனத்தோடு வாதாடும் தொல்லையும் ஒரே உணவினால் நீங்குகிறது. ஆகவே இவ்வழி வீண் என்று எவரும் தள்ளிவிடுதல் ஆகாது.

எனினும், உடலுக்கு உதவும் உபாயம் வேறு. மனத்தைத் திருத்தும் சீலம் வேறு. இவ்வேற்றுமையை விளக்க நம் திரிபிடகத்திலேயே பொருத்தமான வரலாறு ஒன்று உண்டு. சம்யுத்த நிகாயத்தில் கோசல நாட்டு மன்னன் பசேனதியைப் பற்றிய சுத்தங்கள் தொகுக்கப்பட்ட பகுதியில் அது காணப்படுகிறது. பசேனதி ஒரு வேளைக்கு ஒரு துரோண அளவுச் சோற்றைக் கறிகளோடு உண்ணும் வழக்கமுடையவன். அவ்வாறு உண்ட மன்னன் ஒருநாள் மூச்சு வாங்க வந்து பகவானை வணங்கி ஒருபுறம் அமர்ந்தான். அவனது நிலையைக் கண்ட பகவான் அவனைக் கடிந்துரைக்கவில்லை. அவன் உண்ணத்தகாதவை இவை என்று பட்டியலும் இடவில்லை. எப்போதும் நினைவோடு இருந்து, கிடைத்த உணவில் அளவறிபவனுக்கு நோவுகள் குறையும், முதுமை மெல்ல வரும், ஆயுளும் காக்கப்படும் என்னும் கருத்தமைந்த ஒரு காதையை மட்டும் மொழிந்தருளினார்.

மன்னன் அப்போது தன் பின்னே நின்ற சுதஸ்ஸனன் என்னும் இளைஞனை அழைத்து, அக்காதையைப் பகவானிடம் கற்றுக்கொண்டு, தான் உண்ணும் வேளைதோறும் ஓதும்படி பணித்தான்; அப்பணிக்கு நாள் ஒன்றுக்கு நூறு கஹாபணம் கொடுப்பதாகவும் வாக்களித்தான். அவ்வாறே ஓதப்பட்டது. மன்னனும் படிப்படியாகத் தன் உணவைக் குறைத்து, ஒரு நாழி அளவுச் சோற்றோடு நிறைவு கொள்ளும் நிலைக்கு வந்தான். பின்னொரு நாள், மெலிந்து நலம் பெற்ற தன் உடலைக் கையால் தடவியவாறு, இம்மை நலம், மறுமை நலம் ஆகிய இரண்டினாலும் பகவான் தன்மீது இரக்கம் கொண்டார் என்று மகிழ்ந்து கூறினான்.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்க வேண்டுவது ஒன்று உண்டு. மன்னனின் சமையற்கட்டில் கறிகள் குறைக்கப்பட்டதாகவோ, ஒரே பண்டம் நாள்தோறும் படைக்கப்பட்டதாகவோ சுத்தம் கூறவில்லை. மாறியது அளவு. அவ்வளவை மாற்றியது நினைவு. தனியே இருந்தால் தன் நினைவு தவறும் என்பதை அறிந்த மன்னன், நினைவூட்டுவதற்கென்று ஒருவனை அருகில் வைத்துக்கொண்டான். தன் பலவீனத்தை ஒப்புக்கொண்டு அதற்குத் துணை தேடிய அவ்வடக்கமே அவனுடைய வெற்றிக்கு முதல். தம்மபதத்தில் புத்தர்களின் போதனை என்று எண்ணப்படுவனவற்றுள் உணவில் அளவறிதலும் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. உணவில் ஒருமை அங்கு வைக்கப்படவில்லை.

ஒருமையே சீலமாயின், பிக்குகளின் வாழ்வில் அதனைக் காண வேண்டும். அங்கு நாம் காண்பது அதற்கு நேர்மாறானது. பிக்கு ஓடேந்தி வரிசையாக வீடுதோறும் நிற்கிறார். ஒரு வீட்டில் நெல்லரிசிச் சோறு விழும்; மற்றொரு வீட்டில் பழைய கஞ்சி விழும். இன்னது வேண்டும் என்று கேட்பதற்கு அவருக்கு உரிமை இல்லை. நேற்று உண்டதையே இன்றும் உண்பதற்கும் வழி இல்லை. விளையாட்டுக்காகவோ, செருக்குக்காகவோ, அழகுக்காகவோ உண்ணாமல், உடல் நிலைபெறவும் தம்ம வாழ்வு நடைபெறவும் உண்கிறேன் என்று அவர் எண்ணிப் பார்த்து உண்கிறார். விருப்பு வெறுப்பு என்னும் இரண்டையும் அவர் தம் ஓட்டில் கரைத்துவிடுகிறார்.

இதனோடு ஒரே உணவை விடாப்பிடியாக உண்பவரை ஒப்பிட்டு நோக்குக. எனக்கு இதுவே வேண்டும், இந்த அளவில் வேண்டும், இந்த நேரத்தில் வேண்டும் என்னும் பிடிவாதம் அவரிடம் வளர்வதற்கு இடமுண்டு. பலவற்றின்மேல் பரவியிருந்த ஆசை ஒன்றன்மேல் குவிந்தமையால், அஃது ஆசை அன்று என்று அவர் மயங்கவும் கூடும். ஏழை உறவினர் ஒருவர் தம் வீட்டுக்கு அழைத்து, உள்ளதைக் கொண்டு அன்போடு சமைத்து வைத்தபோது, என் ஒழுங்கில் இஃது இல்லை என்று இலையைத் தள்ளுவாராயின், அவர் காத்தது எதை? இழந்தது எதை? வீட்டில் மனைவியோ தாயோ குழந்தைகளுக்கு ஒன்றும் தமக்கு ஒன்றுமாக இரண்டு சமையல் செய்து களைத்திருக்க, தாம் மட்டும் மெலிந்து வருவதைக் கண்ணாடியில் கண்டு மகிழ்வாராயின், அம்மெலிவில் தம்மம் எங்கே இருக்கிறது? பிறர் உழைப்பின்மேல் ஏறி நிற்கும் விரதம் விரதம் ஆகாது. மற்றவர் உண்ணும் அளவைக் கண்டு உள்ளத்தில் ஏளனம் செய்பவரும், எடை குறைந்த அளவுக்குச் செருக்கில் பெருத்தவரே ஆவார்.

நம்மவர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. ஒரே உணவை நாள்தோறும் உண்பது நம் முன்னோர்க்குப் புதிதன்று. கேழ்வரகுக் கூழும் பச்சை மிளகாயும், அவையும் இல்லாத நாளில் நீரும் என்று வாழ்நாள் முழுதும் உண்டவர்கள் அவர்கள். அதனை எவரும் சீலம் என்று போற்றவில்லை. அவர்களும் அதனைத் தேர்ந்துகொள்ளவில்லை. நிலமும் கூலியும் மறுக்கப்பட்டமையால் விதிக்கப்பட்ட ஒருமை அது. விதிக்கப்பட்ட ஒருமை உடலையும் அழிக்கும். 1890களில் ஜாவாத் தீவில் ஐக்மன் என்னும் மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் முடங்கி வீழ்வதையும், தவிடு நீக்காத அரிசியைத் தின்றவை நலம் பெறுவதையும் கண்டார். பெரிபெரி என்னும் நோயின் காரணம் அவ்வழியே தெளிவாயிற்று. 1929 ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆதலின் ஒரே உணவை மேற்கொள்வோர், அவ்வுணவில் தானியமும் பருப்பும் கீரையும் காயும் கனியும் அடங்கியுள்ளனவா என்று பார்த்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. நீரிழிவு முதலியவற்றுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தலும் கூடாது.

பசித்த தலைமுறையில் வந்த பெற்றோர், தம் பிள்ளையின் தட்டில் சோறு குவிந்திருப்பதைக் கண்டு நிறைவடைகின்றனர். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்னும் சொல்லில் அவர்களுடைய அன்பும் மானமும் கலந்திருக்கின்றன. இன்று மருத்துவர், சோற்றைக் குறை என்கிறார். அது சரியே, ஆயினும் அத்தாயின் கையைத் தள்ளுவதில் நாம் கனிவு காட்ட வேண்டும். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 24 பேர் மிகை எடை உடையோர். ஏறக்குறைய 19 பேர் இருக்க வேண்டிய எடைக்கும் குறைந்தோர். மிகையும் குறையும் ஒரே தெருவில், சிலபோது ஒரே வீட்டில் வாழ்கின்றன. இந்நாட்டில் ஒருவர் தம் உணவைக் குறைத்துக்கொள்ளத் தேர்தல் என்பதே ஒரு பேறு. அப்பேறு இல்லாதவரை மறந்த குறைப்பு வெறும் உடற்பயிற்சியாகவே நின்றுவிடும். மணிமேகலையின் கையில் அமுதசுரபி வந்தது அவள் உண்பதற்காக அன்று. பசிப்பிணி உடையோர்க்கு இடுவதற்காக என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இங்கு ஒருவர் வினவலாம்: “அளவறிதல் உயர்ந்ததே, ஆனால் அது கடினம். நாள்தோறும் பல பண்டங்கள் முன்னே இருக்க நினைவோடு நிறுத்திக்கொள்ள எம்மால் இயலவில்லை. ஒரே உணவு எமக்கு எளிதாக இருக்கிறது. எளிய வழியை ஏன் மறுக்க வேண்டும்?” மறுக்க வேண்டியதில்லை. பசேனதி மன்னனுக்கும் ஓதுவான் ஒருவன் தேவைப்பட்டான் அன்றோ! நூறு கஹாபணம் கொடுக்க இயலாத நமக்கு, ஒரே உணவு என்னும் ஒழுங்கு அவ்வோதுவானாக நிற்கலாம். தெப்பம் ஆற்றைக் கடப்பதற்கு. கரையேறிய பின் தலையில் சுமப்பதற்கன்று என்று பகவான் உவமை காட்டியுள்ளார். இவ்வொழுங்கும் அத்தகைய தெப்பமே.

ஆகவே, இதனை மேற்கொள்வோர் சிலவற்றைக் கருத்திற் கொள்வாராக. பண்டத்தைவிட அளவையே முதலில் வரையறுத்துக்கொள்க. கிண்ணம் ஒன்றாக இருக்கட்டும், அதனுள் விழுவது வீட்டார் உண்பதாகவே இருக்கட்டும். உண்ணத் தொடங்குமுன் ஒருகணம் நின்று, எதற்காக உண்கிறேன் என்று நினைக்க. பிறர் அன்போடு இட்டதை அளவு குறைத்தேனும் ஏற்றுக்கொள்க. உபோசத நாட்களில் நண்பகலுக்குப் பின் உண்ணாமை நமக்கு ஏற்கெனவே வகுக்கப்பட்ட பயிற்சி; உடல்நலம் இடந்தருவோர் அதனைக் கைக்கொள்க. குறைத்ததனால் மீந்த அரிசியும் காசும் யாருடைய பசிக்குச் சென்றன என்று மாதம் ஒருமுறையேனும் தம்மைத் தாமே வினவுக.

உடல் மெலிதல் நன்று. அதனோடு பற்றும் மெலிய வேண்டும். நாள்தோறும் ஒன்றையே உண்டாலும், பலவற்றை உண்டாலும், அளவறிந்து, நினைவோடு, பிறர் பசியையும் எண்ணி உண்பவரே பகவானின் காதையைத் தம் வாழ்வில் ஓதுபவர். நம் இல்லங்களில் அவ்வோசை நாள்தோறும் கேட்பதாக.